குசினி ஜன்னலில் பரீதா டீச்சர் பார்த்தது

பரீதா டீச்சர் மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி சனிக்கிழமை காலை எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் தம்புள்ளையில் அக்கா வீட்டில் இருந்தேன். படித்ததும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். "இது எத்தனையாவது வாய், டீச்சர்?" என்று நேராக அவருடைய போனுக்கே எழுதி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "நான் ரிஸ்னா, டீச்சர். உம்மா மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா எடுக்கிறாங்க." ரிஸ்னா அவருடைய ஒரே மகள். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்னும் ஞாபகமில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்தளை நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் வரலாறு. ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். அந்தப் பக்கத்து மேசையால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அனுலா ராணியின் பாடத்தை முடித்துவிட்டு ஒருநாள் நல்ல உற்சாகத்தோடு அறைக்கு வந்தேன். அநுராதபுரத்தை ஆண்ட முதல் ராணி. காவல்காரன், தச்சன், விறகு சுமப்பவன், புரோகிதன் என்று ஒருவர் பின் ஒருவராக அரியணையில் ஏற்றி, அலுத்ததும் நஞ்சு வைத்துக் கொன்று, கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தவள். இந்தக் கதையைச் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பரீதா டீச்சர் தலையைத் தூக்காமலே "என்ன நஞ்சு?" என்று கேட்டார். அதெல்லாம் எழுதவில்லை என்றேன். "அது எப்படிங்க? முந்தின ரெண்டு பேர் செத்ததைப் பார்த்துட்டும் மூணாமத்தவன் அவ கையால வாங்கிச் சாப்பிட்டானா?" என்றார். எனக்குச் சுர்ரென்றது.

விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரா விடுவார்! அடுத்த வாரம் முழுக்க அதே வேலை. காஞ்சிரங்கொட்டை என்றால் தாங்க முடியாத கசப்பு, எந்தக் கறியிலும் மறைக்க முடியாதாம். நியங்கலாக் கிழங்கு என்றால் வாந்தியும் பேதியுமாக ஊருக்கே தெரிந்துவிடுமாம். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சு. சோற்றைப் பிசைந்த அவருடைய கணவர், இதெல்லாம் ராணிக்காகவா எனக்காகவா என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் என்னிடம் வந்து, "அவ நஞ்சு வச்சதை யாரு பார்த்தது?" என்றார். எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். "எழுதினவர் பார்த்தாரா?" பார்க்கவில்லை. அவள் செத்துப் பல நூற்றாண்டு போன பிறகுதான் எழுதினார்கள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. என் பாடத்தைக் கெடுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் பொம்பள கொன்னாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது, டீச்சர். தெரியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் வேணுமே" என்றார்.

அதோடும் நிற்கவில்லை. இரத்தோட்டையில் எங்கள் பள்ளி அதிபர் வீட்டுப் பக்கத்து மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதாம் என்று ஒரு காலையில் ஒரே ஒரு ஆசிரியரிடம் சொல்லி வைத்தார். பள்ளி விடும் நேரத்துக்குள் அதிபரைக் குளவி கொட்டி, அவர் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு பேர் திராட்சைப்பழமும் கையுமாக விவரம் கேட்க அலுவலகத்துக்குள் போனால், அதிபர் உட்கார்ந்து மாலுபாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பரீதா டீச்சருக்கு நல்ல ஏச்சு விழுந்தது. வாங்கிக்கொண்டு வந்து, ஒரு நாளில் இந்தக் கதை எத்தனை வாய் மாறியிருக்கிறது என்று பாருங்கள், அனுலாவுக்கு நூற்றாண்டுகள் கிடைத்திருக்கின்றன என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் "இது எத்தனையாவது வாய்?" என்பது எங்கள் இருவரின் பகிடி. அந்தப் பகிடியைத்தான் நான் ஒரு மௌத் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ரிவர்ஸ்டன் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனதையும் சொல்ல வேண்டும். பனி மூட்டத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை. உப்பைப் போடுங்கள் என்று கத்தினேன். இருங்கள், வயிறு நிறைந்தால் தானாக விழுமா என்று பார்க்கிறேன் என்றார். விழுந்தது. இரத்தம் நிற்காமல் ஒழுக, காலுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "ஆய்வுகூடம் இருந்தா விஞ்ஞானம் வந்துடாது, டீச்சர். மனசு அரிக்கணும். அரிச்சாத்தான் ஆள் எழும்பிப் போய்ப் பார்க்கும்" என்றார். பைத்தியம் என்று நான் திட்டியதாக ஞாபகம்.

அந்தச் சனிக்கிழமை பஸ் நகரவே இல்லை. பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றி வந்த லொறிகள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. டீச்சர் வீடு போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபோது திங்கள் பார்ப்போம் என்று கையசைத்த மனுஷி. எனக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். பெண்கள் யாசீன் ஓதி முடித்திருந்தார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. மேல்படிப்புக்குக் கண்டிக்குப் போக வேண்டுமென்று மகள் முந்தின இரவு உம்மாவோடு சண்டை பிடித்தாளாம் என்றார் பக்கத்தில் இருந்த பெண். இரவில்லை, விடியக் காலையில் என்று திருத்தினார் இன்னொருவர். கோப்பையை எறிந்தாளாம், அந்த அதிர்ச்சியில்தான் போயிருக்கிறது என்று மூன்றாமவர் முடித்து வைத்தார். யாரும் கெட்டவர்களல்ல. துக்கத்துக்கு வந்தவர்கள், எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் உள்ளறை வாசலில், தலையில் முக்காட்டோடு ரிஸ்னா நின்றாள். அத்தனையும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்தது. இன்று மாலைக்குள் இந்தக் கதை தெருவைத் தாண்டிவிடும். உம்மாவைக் கொன்றவள் என்ற பேரோடுதான் இவள் இனி இந்த ஊரில் நடமாட வேண்டும். கொஞ்சநாள் போனால் அவளே அதை நம்பிவிடுவாள்.

மையத்து வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். திறந்துவிட்டேன்.

"யாருங்க பார்த்தது?" என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெண், அப்படித்தான் சொன்னார்கள் என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த பெண்ணைப் பார்த்தார். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் வாசலில் நின்ற ரிஸ்னா பேசினாள்.

"நான்தான் பார்த்தேன். சண்டையெல்லாம் ஒன்னும் இல்ல. கண்டிக்குப் போகச் சொன்னதே உம்மாதான். காலையில குசினியில ஜன்னல்கிட்ட நின்னு தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு, 'ரிஸ்னா, ஓடி வா, இதை வந்து பாரு'ன்னாங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டு, இருங்க உம்மா வாறேன்னேன். பிறகு விழுந்த சத்தம்தான் கேட்டிச்சு."

தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அந்த இடத்திலேயே முடிந்திருக்கிறது. கோப்பையை எறிந்த கதை சொன்ன பெண்தான் முதலில் எழுந்து போய் ரிஸ்னாவைக் கட்டிக்கொண்டார். "அல்லாவே, மன்னிச்சுக்க மகள்" என்று அழுதார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

கூட்டம் குறைந்த பிறகு ரிஸ்னா என் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப் போனாள். "உம்மா எதைப் பார்க்கச் சொன்னாங்க, டீச்சர்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் அந்த ஜன்னலில் நின்றோம். பக்கத்து வீட்டு மதில், பாசி, ஒரு பலாமரம், உடுப்புக் கொடி. எவ்வளவு நேரம் பார்த்தும் வித்தியாசமாக எதுவும் கண்ணில் படவில்லை. வேறு யாராக இருந்தாலும் குருவியையோ அணிலையோ பார்த்திருப்பார் என்று ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். பரீதா டீச்சரின் மகளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல மகள்" என்றேன்.

இந்தத் தவணை அனுலா பாடம் வந்தபோது வழக்கம்போலக் கதையைச் சொன்னேன். நஞ்சு வைத்தாள் என்ற இடத்தில் நிறுத்தி, இதை யாரும் பார்க்கவில்லை, உண்மையா என்று எனக்குத் தெரியாது என்றேன். பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். பிறகு ஒருத்தி கையைத் தூக்கினாள், அப்புறம் இன்னொருத்தி. மணி அடித்தும் கேள்வி நிற்கவில்லை. நான் பேசி எந்த வகுப்பும் அப்படி எழும்பியதில்லை. பக்கத்து மேசையில் சொல்லலாம் என்று ஆசிரியர் அறைக்கு வேகமாக வந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ரிஸ்னா இப்போது கண்டியில் படிக்கிறாள். வீட்டுக்கு வரும் நாட்களில், தேத்தண்ணி ஊற்றும் அதே நேரத்தில் அந்த ஜன்னலில் நிற்கிறாள். நானும் சிலநாள் போய் அவளோடு நிற்கிறேன். பரீதா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, இதை வந்து பாரு என்று அவர் கடைசியாகக் கூப்பிட்டதுதான். அன்று ரிஸ்னா போகவில்லை, நான் அங்கே இல்லை. இப்போது இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம்.