பெருநாள்வரை பிரிக்காத கடிதம்

கடல் கடந்த காஜா பெராங் ஊரில் கய்யூம் மரைக்காயரை ஏமாற்றி ஒரு மூட்டை மிளகு விற்றவன் பிறக்கவே இல்லை. ஒற்றைக் கைலியோடு கப்பல் மேல்தட்டில் வந்து இறங்கிக் கடை போட்டவர். எழுத்து என்றால் தன் கையெழுத்து மட்டுந்தான் தெரியும். ஆனால் மூட்டையின் வாய், நடு, அடி மூன்றிலும் குத்தூசி விட்டு எடுத்து, பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டுவார்.

பிள்ளைகளுக்கெல்லாம் அம்மைப்பால் வைக்க வேண்டும் என்று சர்க்கார் தமுக்கடித்தபோதும் அப்படித்தான். அம்மை குத்த ஊசிப்பெட்டியோடு வந்த சர்க்கார் ஆள் சின்னப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“பிள்ள கையக் கீறி என்னத்தையோ வைக்கிறீரு. வச்சதுல எத்தன பிழைச்சுது, வைக்காததுல எத்தன செத்துது? கணக்கு எங்க?”

“சர்க்கார் சொல்லுது, தவுக்கே,” என்றார் சின்னப்பா, முதலாளிகளை அந்த ஊரில் அழைக்கும் முறையில்.

“சர்க்காரே மிளகு வித்தாலும் நான் கடிச்சுத்தான் பாப்பேன்!”

தெருவே சிரித்தது. அன்றே மனு எழுதும் தெய்வநாயகத்தைப் பிடித்து, அந்தக் கேள்வியை அப்படியே இங்கிலீஷில் பெரிய டாக்டருக்கு எழுதச் சொன்னார். மரைக்காயருக்குப் பதில் வரட்டும் என்று இன்னும் ஏழு வீட்டார் தங்கள் பிள்ளைகளுக்குப் பால் வைக்காமல் நிறுத்திக்கொண்டார்கள்.

நோன்பு மூன்றாம் நாள் பதில் வந்தது. அரக்கு முத்திரை வைத்த நீள உறை. “யாருக்கு வந்திருக்கு பாத்தியளா? இந்தக் கய்யூமுக்கு!” என்று கடை கடையாகக் காட்டினார்.

ஆனால் உறையைப் பிரிக்கவில்லை. வழக்குள்ள மூட்டையின் தையலை இரு தரப்புச் சாட்சிகள் முன்னால்தான் வெட்ட வேண்டும் என்பது வியாபாரிகளின் முறை. தனியாகப் பிரித்தால் கலப்படம் என்று பேச்சு வரும். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கூடும்போது பள்ளிவாசல் முன்னால் பிரிப்பதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளே சின்னப்பா மறுபடி வந்தார். “பக்கத்து ஊரு உஜோங் பாசிர்ல அம்மை கண்டுட்டுது, தவுக்கே. பெருநாள்வரைக்கும் அது காத்துக் கெடக்காது.”

“இப்பவே பிரிச்சு வாசிக்கச் சொல்லுங்களேன், ஹஸீனா வாப்பா,” என்றாள் உள்ளேயிருந்து மனைவி ஷரீஃபா.

“ஊருக்குச் சொன்ன சொல்லு, சொன்னதுதான்.”

ஒரே மகள் ஹஸீனா, ஆறு வயது, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள். “வலிக்குமா, வாப்பா?”

“ஒனக்கு வலிக்க விடுவனாம்மா?” என்று சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

பதினாறாம் நோன்பில் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் முகமெல்லாம் முத்து. மரைக்காயர் செருப்பில்லாமல் ஓடிச் சின்னப்பாவின் கையைப் பிடித்தார். “இப்ப வையும்.”

“இனி வச்சுப் பலனில்ல, தவுக்கே.”

கண் திறக்க முடியாத பிள்ளை, கையால் துழாவி வாப்பாவின் தாடியைப் பிடித்துக்கொண்டே கிடந்தது. இருபத்தேழாம் நோன்பன்று அந்தப் பிடி ஒரேயடியாகத் தளர்ந்தது.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் பள்ளிவாசல் முன்னால் கூடினார்கள். மரைக்காயரேதான் உறையை நீட்டினார். சர்க்கார் தரப்புச் சாட்சியாக முன்பே அழைத்திருந்த சின்னப்பா, பெட்டியோடு ஓரமாக நின்றார். தெய்வநாயகம் முத்திரையை உடைத்துத் தமிழில் சொன்னார்.

சென்ற முறை அம்மை வந்தபோது, பால் வைத்த நூறு பிள்ளைகளில் நோய் கண்டது மூன்று, இறந்தது ஒன்றுமில்லை. வைக்காத நாற்பதில் கண்டது இருபத்தொன்று, இறந்தது ஒன்பது. பெயர்களெல்லாம் பதிவேட்டில் உள்ளன, எந்த நாளும் வந்து பார்க்கலாம். தாங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

வாய், நடு, அடி மூன்றிலும் சுத்தமான சரக்கு.

“என்ன தேதி போட்டிருக்கு?”

“நோன்புக்கு முந்தின நாள், மரைக்காயரே.”

“இன்னொரு தடவ வாசியும்.”

வாசித்தார்.

ஏழு வீட்டாரும் பிள்ளைகளைச் சின்னப்பா முன்னால் கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்த சிறுமி கையை இழுத்துக்கொண்டு அழுதாள். மரைக்காயர் குனிந்து அந்தப் புதுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, பிடித்துக்கொண்டார்.

“வாப்பா இருக்கேன்மா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சிறுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் வாப்பாவைத் தேடினாள்.