டயருக்கும் சாம்பிள் கேட்டவள்

எங்கள் ஊர்க்காரர்கள் எதைத் தொட்டாலும் துணியாகத்தான் தொடுவார்கள். சந்தேகமா? போன வாரம் டயர் கடையில் என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வசந்தாவின் வீட்டுக்காரர், புது டயரின் ஓரத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். பனியன் கம்பெனிக்காரர் அல்லவா... துணியின் கனத்தை விசாரிக்கிற அதே தோரணையில், "ஜிஎஸ்எம் என்னங்க?" என்று கேட்டார்.

கடையே சிரித்தது.

வசந்தா சிரிக்கவில்லை. ஊத்துக்குளிப் பக்கம் மாடு வைத்திருக்கிறாள். தோட்டத்துக்குப் போகும் இட்டேரி, அந்த வேலியோர வண்டித்தடம், முழுக்கக் களிமண். முந்தைய மழையில் வண்டி சிக்கி, ஒரு காலைப் பால் மொத்தமும் திரிந்துபோனது. அந்த வேகத்தில்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கினாள். டயர்தான் பாக்கி.

"அகல டயரு, அலாய் வீலுங்க மச்சான். கம்பெனிக்குச் சரக்கு வாங்க வர்ற பையர் பாத்தா ஒரு லுக்கு வேணுமில்லீங்க?"

"ஏனுங்க, பையரா வந்து பால் கேன் தூக்கறாரு? குறுகல் டயரு, சேத்தைக் கடிக்கற பெரிய பட்டன், இரும்பு ரிம். அது போதும்."

எப்படித் தீர்ப்பது? சாம்பிள் ஓகே ஆகாமல் ஒரு பனியன்கூடத் தைக்காத ஊர் இது. வசந்தா கடைக்காரரிடம் திரும்பினாள்.

"ரெண்டு தினுசுலயும் சாம்பிள் குடுங்க பாய். எங்க தடத்துல ஓட்டிப் பாக்கோணும்."

"டயருக்குச் சாம்பிளாம்மா!" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "பழைய செட்டு ரெண்டு கிடக்கு. எடுத்துட்டுப் போங்க. எது ஜெயிச்சாலும் புதுசு எங்கிட்டதான்!"

ஞாயிற்றுக்கிழமை. மழை நனைத்த தடம். பாலுக்குப் பதில் கேன் நிறையத் தண்ணீர். அகல டயரில் முதலில் மாப்பிள்ளை. களி பட்டன் இடுக்கெல்லாம் அப்பிக்கொண்டது. திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி முனகியது. கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது.

சக்கரம் மாற்றி வசந்தா ஏறினாள். குறுகல் டயர் மேல்சேற்றை அறுத்து, அடியில் கெட்டித் தரையைத் தேடிப் பிடித்தது. களியை உதறி உதறி... ஈர வானத்தில் சேறு பூவாணம் விட, வண்டி மெயின் ரோட்டில் போய் நின்றது. நான் கை தட்டினேன். வெட்கமே இல்லாமல் விசிலும் அடித்தேன்.

"சாம்பிள் ஓகே அண்ணா," என்றாள் இறங்கி. "ஸ்டெப்னியோட அஞ்சு பீஸ்."

நேற்று விடிய விடிய மழை. பால் திரியவில்லை, சொசைட்டி வண்டி வருமுன்பே ரோட்டில் காத்திருந்தது. மதியம் மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், பிக்கப்பைக் கம்பெனி வாசல்ல நிறுத்தியிருக்கறனுங்க. பையர் சுத்திச் சுத்திப் பாக்கறாரு!"

"கழுவியாச்சா மாப்பிள்ளை?"

"அட, சேறுதானுங்க லுக்கே!"

இருக்காதா பின்னே... அது என் தங்கச்சி ஓட்டிய சேறு.