வேப்பமரத்துக்கு வந்தவர்கள்

பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்பாத ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரம் அறுக்கும் மிஷின் ஓட்டுவது என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனிக்குப் பின்னால் சின்னக் காடு ஒன்று உண்டு. நடுவில் நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத இலுப்பை. உலைச் சூட்டிலிருந்து வந்து அதன் கீழே நின்றால் சட்டை வியர்வை காய்ந்துவிடும், அத்தனை குளிர்ச்சி. பக்கத்து ஏரிக்கரையில் யாரும் நடாத நாவல் கன்றுகள் நிற்கும். எல்லாம் இலுப்பையில் தொங்கும் வௌவால்கள் தின்று போட்ட விதை. சம்பளம் வாங்காமல் காடு வளர்க்கிற கூட்டம் அது. புதுக் கொட்டகை போட அந்த இலுப்பையைத்தான் அறுக்கச் சொன்னார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பெரிய மரம் என்றால் முந்தின நாளே போய், நாளைக்கு அறுக்கப் போகிறோம், குடியிருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரத்திடம் சொல்ல வேண்டும். எப்போதும் சொல்வது என்னோடு வேலை பார்க்கும் என் மச்சான் முனுசாமி. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். போனில் கெஞ்சினான்.

"மாமா, எனக்கோசரம் மரத்தாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா. சொல்லாம கை வெக்காத."

போனேன். பொந்திலிருந்து ஒரு கண் குருடான ஆந்தை எட்டிப் பார்த்தது. கம்பெனி மேஸ்திரி பக்கத்தில் நின்று சிரித்தார், எனக்கும் கிண்டல் ஏறிவிட்டது.

"எல்லாரும் கெளம்புங்கப்பா! போக எடம் இல்லன்னா எங்க ஊட்டு வேப்பமரம் சும்மாத்தான் கீது, வாங்க!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

என் வீடு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். விடியற்காலையில் மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"யோவ், வெளிய வந்து பாரு. இன்னாய்யா இது?"

வேப்பமரத்தில் இலையே தெரியவில்லை, கிளைக்குக் கிளை வௌவால். கீழ்க் கிளையில் அந்தக் குருட்டுக்கண் ஆந்தை. அதற்குப் பக்கத்தில் ஒரு மரநாய், வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு. ஒன்றும் சத்தம் போடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நம்பினால் நம்புங்கள், வழியில் எத்தனை மரம் இருக்கிறது, அத்தனையும் தாண்டி வந்திருக்கின்றன. எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பேச்சுக்குக் கூப்பிட்டவனை நம்பிப் பிள்ளை குட்டியோடு வந்துவிட்டார்களே!

மிஷினைத் தொடவில்லை. மேஸ்திரியை வண்டியில் ஏற்றிவந்து காட்டினேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேல நான் பேசிக்கிறேன். நீ மொதல்ல அதுங்கள திரும்பிப் போவச் சொல்லு" என்றார்.

கொட்டகை வேறு பக்கம் போனது. அன்று சாயங்காலம் வேம்பின் கீழே நின்று, "தப்பு என்னுதுதான், உங்க ஊட்டுக்கே போங்க" என்றேன். இருட்டுவதற்குள் மரம் காலி.

மூன்று வருஷம் ஆகிறது. இலுப்பை பூக்கும்போது வாசனை கம்பெனி கேட் வரை வரும். அந்தப் பக்கம் போனால் ஒரு கும்பிடு போடாமல் வருவதில்லை.

நேற்று காலை என் வேப்பமரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். ஆந்தை வந்திருக்கிறது என்றேன்.

"இப்பதான்யா ஆபீஸ்ல பேசினாங்க, மரத்த எடுத்துடலாம்னு. நான் இன்னும் யாராண்டயும் சொல்லலியே" என்றார்.

நானும் மரத்திடம் எதுவும் சொல்லவில்லை. முனுசாமியும் அந்தப் பக்கமே போகவில்லையாம். இன்று காலை மரநாயும் வந்துவிட்டது, வாயில் குட்டியோடு.