ஆத்தா வந்த வீட்டில் மாத்திரை

"உங்க தம்பிக்கு அம்மை போட்டிருக்கு. நீங்க வரவேண்டாம் அண்ணி, ஆத்தா வந்திருக்கா" என்று என் தம்பி மனைவி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போனில் சொன்னாள். ஐம்பது வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரனுக்கு அம்மையா? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று கேட்டேன். "எல்லாம் ஆத்தா பாத்துக்குவா" என்றாள். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் சொல்லிவிட்டு, கடல் பாலத்தைத் தாண்டி அவர்கள் வீட்டில் போய் நின்றேன்.

தம்பி வேப்பிலை மேல் படுத்திருந்தான். உடம்பெல்லாம் கொப்புளம், மூச்சு வாங்கியது. பக்கத்தில் இளநீரும் பானகமும். புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே சர்க்கரை உண்டு; இருவர் மாத்திரையும் சாமி மேடைக்குக் கீழே ஒரே டப்பாவில் இருக்கும். திறந்து பார்த்தேன். அவனுடையது அப்படியே இருந்தது.

"அம்மை போட்டா மருந்து குடுக்கக் கூடாதுல்ல அண்ணி. ஆத்தா கோவிச்சுக்குவா."

"அடிப்பாவி! இது சர்க்கரைக்கான மாத்திரைடி! இதை நிறுத்தச் சொல்லி ஆத்தா உன்கிட்ட வந்து கேட்டாளா?"

"நான்தான் வேணாம்னேன்லா, அவளைத் திட்டாதக்கா" என்றான் தம்பி. அதற்குமேல் இருமல் பேசவிடவில்லை. காரில் ஏற்றினோம்.

மருத்துவமனையில் மூச்சுக்குக் குழாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். "உடம்பைக் காவல் காக்கிற செல்லுக்கும் சாப்பாடு வேணும், ஆன்ட்டி. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப ஏறிட்டா, அதை எரிச்சு சக்தியாக்குற முறையே அதுக்குள்ள கெட்டுப்போயிடும். வைரஸைப் பார்த்தாலும் மத்த செல்லை ஒழுங்கா உசுப்பிவிடாது. அங்கிளுக்கு அம்மை நுரையீரல் வரைக்கும் போயிடுச்சி."

மூட்டை மூட்டையாய் அரிசி இருந்தும் அடுப்புப் பற்றாத வீடு போல. இதில் வெல்லப் பானகத்தை வேறு ஊற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பி மனைவி மேலா, தம்பி மேலா, ஆத்தா மேலா என்று தெரியவில்லை. சாமியைத் திட்டுகிற அளவுக்கு எனக்குத் துணிச்சலும் இல்லை. அவளோடு பேசாமல் இருந்தேன்.

அவன் கண் திறக்காமலே நாட்கள் போயின. ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். "அண்ணி, வர்றீங்களா?" குரல் சரியில்லை. போனேன். வாசலில் வேப்பிலை புதிதாகக் கட்டியிருந்தது. அவள் கழுத்திலும் நெற்றியிலும் கொப்புளம். காய்ச்சலோடு சாமி மேடை முன்னால் நின்றிருந்தாள். உள்ளங்கையில் அவளுடைய சர்க்கரை மாத்திரை.

"தனியா முழுங்க பயமா இருக்கு அண்ணி. பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். அவள் அம்மன் படத்தைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காத தாயே. அவரு வீட்டுக்கு வர்றப்ப கதவைத் திறக்க நான் இருக்கணும்."

விழுங்கினாள்.