பதினேழாம் எண்ணுக்கு வந்த பதில்

பிறர் பிள்ளைகளை ரயிலேற்றிக் கூட்டிச் செல்லும் தொழிலுக்கு வேறு திறமை எதுவும் வேண்டியதில்லை; எண்ணத் தெரிந்தால் போதும். பள்ளிப் பயணமொன்றில் துணையாளாகச் சென்று, ரயில் மேடையில் நின்று, இருபதா இருபத்தொன்றா என்று வியர்த்த அனுபவம் உங்களுக்கும் உண்டெனில், கீழே வருவனவற்றை நான் அதிகம் விளக்க வேண்டியிராது.

நான் ஒரே கதையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைப் பதிவுசெய்து, ஒப்பிட்டு, அதிலேயே நரைத்தவன். ஓய்வுபெற்ற பின், ஆங்கிலமும் ஜெர்மனும் தெரியும் என்ற ஒரே தகுதியில் இத்தொழில் வாய்த்தது. ஸ்கொட்லாந்துப் பாடசாலை ஒன்று கோடைதோறும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகருக்கு அனுப்பும் மாணவர்களுக்கு நான் துணையாள்.

எண் வழங்கிய காலை

அவர்களை அழைத்து வந்தவர் சுகந்தி டீச்சர். பருத்தித்துறையில் பிறந்து, ஸ்கொட்லாந்தில் புவியியல் கற்பிப்பவர். மாணவர் இருபத்திரண்டு பேர்; எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் மூன்று நாள் மலைநடையை முடித்தால் ஆளுக்கொரு சான்றிதழ். எந்த மொழியில் பேசினாலும் எனக்குத் தமிழில்தான் பிழையின்றி எண்ண வரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ் எண்ணைக் கற்பித்தேன். நான் எண்ணைச் சொன்னால் உரியவர், ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான "ஓம்" என்று பதில் தரவேண்டும். எண்ணி முடிந்த பிறகே ரயில் ஏறுவது என்பது விதி.

பதினேழாம் எண் எய்லிக்கு. பதினைந்து வயது, செம்பட்டை முடி, நிதானமான பெண். தன் எண்ணை ஒரே முறையில் பிழையறச் சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் அதில் மகிழ்ந்துகொண்டிருக்கையில் சுகந்தி தாழ்ந்த குரலில் சொன்னார்: "சேர், உங்கடை தமிழ் வகுப்பு எல்லாம் நல்லது. நான் இருபத்திரண்டு கொண்டு வந்தனான், இருபத்திரண்டும் கொண்டு போகவேணும். ஒண்டு குறைஞ்சுதெண்டால் இந்தப் பயணமே இனி இல்லை, சொல்லிப்போட்டன்."

இருபத்தாறாவது கோப்பை

எங்கடினில் நாங்கள் தங்கிய விடுதியின் சமையற்காரர் சிவம், முப்பது வருடமாக அந்த மலையில் இருப்பவர். மாணவர் இருபத்திரண்டு, சுகந்தி, அவரோடு வந்த விளையாட்டு ஆசிரியர், நான். ஆக இருபத்தைந்து பேர் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தேன். மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகள், அதாவது தட்டுகள், இருபத்தாறு இருந்தன. மறுநாளும் இருபத்தாறு. ஒவ்வொரு வேளையும் ஒன்று வெறுமையாகவே திரும்பிப் போயிற்று.

முதலில் கவனக்குறைவு என்று எண்ணினேன். மூன்றாம் நாள் காலை, குறிப்பேடும் கையுமாக அடுக்களைக்குச் சென்று காரணம் கேட்டேன். சிவம் பாண் ரொட்டியை வெட்டுவதை நிறுத்தவில்லை. "கூட வைச்சால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, ஐயா. கணக்குக்கு வைச்ச அண்டைக்குத்தான் ஒரு பிள்ளை தனக்குக் கோப்பை இல்லையெண்டு நிக்கும். ஆரெண்டு பாக்கத் திரும்பினால் எல்லாப் பிள்ளையளும் இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்குதுகள்."

மிஞ்சிய சாக்லேட்

அன்றே விடுதியை விட்டுப் புறப்பட்டு, மலைநடையின் கடைசிப் பகுதியை முடித்து, பிற்பகலில் ஒரு சிறு நிலையத்தை அடைந்தோம். ஊழியர் எவருமில்லை, பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும். பனிமூட்டம் முழங்கைக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. ரயில் திடீரென்று வந்து நின்றது. பிள்ளைகள் குளிரில் நடுங்கினார்கள். வாழ்வில் முதன்முறையாக விதியை மீறி, ஏறிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். அந்தப் பிழை முழுவதும் என்னுடையது.

கதவுகள் மூடி, ரயில் நகர்ந்த பின்னர் எண்ணத் தொடங்கினேன். முதுகுப்பைகள் முகங்களை மறைத்தன. குரல்களை மட்டும் கேட்டேன். பதினாறு, "ஓம்". பதினேழு. சற்றுத் தாமதித்து, "ஓம்". இருபத்திரண்டு வரை எல்லாம் சரி. குறிப்பேட்டில் நேரத்தையும் எழுதினேன். இரண்டு நிலையங்கள் கடந்தபின் சுகந்தி சாக்லேட் பகிர்ந்தபடி பெட்டியின் மறுமுனை வரை சென்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. கை நீட்டியபடி இருந்தது. "சேர், ஒண்டு மிஞ்சுது."

கதவுக்கு வெளியே

விளையாட்டு ஆசிரியரிடம் இருபத்தொரு பேரையும் ஒப்படைத்துவிட்டு, நானும் சுகந்தியும் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை ரயிலில் திரும்பினோம். சுகந்தி வழி முழுவதும் அந்தச் சாக்லேட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அது உருகி விரல்களில் ஒட்டியது.

எய்லி அந்தச் சிறு நிலையத்தின் காத்திருப்பு அறையில், காலணிகளைச் சரியாகக் கட்டியபடி அமர்ந்திருந்தாள். குதிகாற் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்ட உள்ளே சென்றவள். சுகந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எய்லி அழவில்லை, என்னையே பார்த்தாள். எண்ணி முடியாமல் நாங்கள் ரயில் ஏறமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்படவில்லை என்றாள். பிறகு, குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல் கேட்டாள்: "நீங்கள் இந்தக் கதவுக்கு வெளியே நின்றுதானே எண்ணினீர்கள்? பதினேழு என்றதும் நான் ஓம் என்றேன். பிறகு ஏன் என்னைக் கூப்பிடாமல் போனீர்கள்?"

இருபத்தொரு பாடங்கள்

வின்டர்தூர் திரும்பியதும் நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மற்ற இருபத்தொரு பேரையும் தனித்தனியே இருத்தி, பதினேழுக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்டு எழுதினேன். விளையாட்டுக்குச் செய்ததாக யாராவது ஒப்புக்கொண்டால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. குரல் பின்னாலிருந்து வந்தது என்றனர் சிலர். பக்கத்து இருக்கையிலிருந்து என்றனர் வேறு சிலர். ஆண்குரல் என்று இருவர் சாதித்தனர். ஒரே கதைக்கு இப்படிப் பாடபேதம் இருப்பது இயல்பு. என்னைக் கலங்கச் செய்தது பேதமில்லாத பகுதி: பதில் தாமதமாக வந்தது என்பதையும், அந்தக் குரல் "ஓம்" என்பதைத் தமிழ் பேசும் எங்களில் ஒருவரைப் போலத் திருத்தமாகச் சொல்லிற்று என்பதையும் இருபத்தொரு பேரும் சொன்னார்கள்.

சுகந்தி எதையும் மறைக்கவில்லை. தம் அதிபருக்கும் எய்லியின் பெற்றோருக்கும் அன்றே முழுவதும் எழுதினார். என் பிழையையும் என் சம்மதத்தோடு எழுதினார். மலைநடை நிலையத்துக்கு முன்னரே முடிந்துவிட்டதால் சான்றிதழ் மறுக்கப்படாது என்று அறிவித்தபோதுதான் எய்லி முதன்முறையாக அழுதாள். மறுநாள் மண்டபத்தில் அவரவர் எண்ணைச் சொல்லியே சான்றிதழ் வழங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பதினேழு என்று நான் அழைத்தேன். எய்லி எழுந்தாள், ஆனால் "ஓம்" என்று சொல்லவில்லை. மேடைக்கு வந்து என் காதருகே சொன்னாள்: "முதலில் வேறு யாராவது சொல்கிறார்களா என்று பார்த்தேன்."

தொலைபேசியில் சிவம்

பயணங்கள் தொடரலாம் என்று ஸ்கொட்லாந்திலிருந்து பதில் வந்தது, ஒரு நிபந்தனையுடன்: இனி முகம் பார்த்து, ரயில் மேடையிலேயே எண்ணவேண்டும். பயணம் தொடர்கிறது என்று மட்டும் சொல்லவும் அடுத்த கோடைக்கு இடம் கேட்கவும் சிவத்தை அழைத்தேன். ரயிலில் நடந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. வேறு எவரும் சொல்லவுமில்லை. இடம் இருக்கிறது என்றார். வழக்கம்போல ஒரு கோப்பை கூட வையுங்கள் என்று, பாதி வேடிக்கையாகச் சொன்னேன். மறுமுனையில் பாண் வெட்டும் சத்தம் நின்றது.

"இப்ப தேவையில்லை, ஐயா. நீங்கள் வெளிக்கிட்ட நாளிலை இருந்து கணக்குச் சரியாத்தான் நிக்குது. அது உங்களோடை வந்திட்டுதோ?"

வாய்மொழியைப் போன்ற சான்று வேறில்லை என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய நான், இப்போது ரயில் மேடையில் ஒரு குரலையும் நம்பாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அதுவும் வாய்க்குள்ளேயே எண்ணுகிறேன்.