நாயிடம் பேசிய அண்ணன்

அன்று காலை எங்கள் படகில் மீன் வாடை இல்லை. பிராந்தி வாடை அடித்தது... பலகை இடுக்கில் ஒரு பாட்டில் உடைந்து ஊறியிருந்தது.

அந்த வாடையை மறுபடி மூக்குக்குக் கொண்டுவந்தது ஓர் ஆஸ்திரேலியப் படம். மகள் அந்த நாட்டில்தான் இருக்கிறாள். இந்த வயதில் நான் மாலை வகுப்புக்குப் போய்ப் படிக்கக் கற்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "கீழ தமிழ் எழுத்து ஓடும்ப்பா. நிறுத்தி நிறுத்திப் படிங்க" என்று அனுப்பினாள். இந்தப் பதிவையும் நானேதான் தட்டுகிறேன் நண்பர்களே, ஒவ்வொரு எழுத்தாக!

செலவில்லாமல் எடுத்த படம். ஒரு வீடு, ஒரு பழைய கார், நாலைந்து பேர். அண்ணன் செய்த திருட்டைத் தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். அண்ணன் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே அவனைத் திட்டினேன்.

நடுவில் 'நாய் குரைக்கிறது' என்று ஒரு வரி. யார் சொன்னது என்று படத்தை நிறுத்தித் தேடினேன்... அது பேச்சில்லையாம், சத்தத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நின்றதும் என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் மண்டபத்தூரில் அப்போது படகில் சரக்கு ஏற்றக் கூடாது என்று ஊர்க்கட்டு. அண்ணன் எனக்குத் தெரியாமல், எங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பாட்டில்களை ஏற்றிப்போய், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கரையில் இறக்கிவிட்டு வந்திருந்தார். வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. பஞ்சாயத்து கூடியது.

"படகு எடுத்தது யாருடா?"

"நாந்தாங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன். அண்ணிக்கு அது நிறைமாதம்.

"ஒரு மாசத்துக்கு இவங்கிட்ட எவனும் பேசப்படாது. பேசுனா அவனும் வெலக்கு. அண்ணங்காரனுக்கும் சேத்துத்தான் சொல்றோம்."

கரை நிறைய ஆள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. டீ கேட்டால், காது கேளாத மாதிரி கடைக்காரர் அடுப்பைக் கிளறினார். என் குரலே எனக்கு மறந்துவிடும் போல இருந்தது. அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்... அதுதான் தாங்கவில்லை. யாருக்காகச் செய்தோம் என்று தோன்றிவிட்டது.

ஒரு சாயங்காலம், என் வாசலில் படுத்திருந்த நாயின் பக்கத்தில் அண்ணன் வந்து குந்தினார்.

"டேய் மணியா, கேட்டுக்க. பொட்டப்புள்ள பொறந்துருக்கு. மூக்கு அப்படியே சித்தப்பன் மூக்கு... பாவம், எவன் கட்டிக்குவான்?"

உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணும் நனைந்தது.

அதன்பிறகு தினமும் வந்தார். காற்று, மீன்பாடு, குழந்தைக்குச் சளி... எல்லாச் செய்தியும் மணியனுக்குத்தான். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

"என்னடா, நாய்கிட்ட என்ன பேச்சு?"

"நாய்கிட்ட பேசப்படாதுன்னு கட்டுப் போட்டீங்களா மாமா? சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்."

அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

கட்டு முடிந்த அன்று விடிந்ததும் அண்ணன் வந்தார். எவ்வளவோ பேசப்போகிறார் என்று இருந்தேன். "வாடா" என்றார். அவ்வளவுதான். போய் டீ குடித்தோம்.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவியும் போய்விட்டாள். இப்போது என்னிடம் பேசக் கூடாது என்று யாரும் கட்டுப் போடவில்லை. கடையில் "வாங்க தாத்தா" என்கிறார்கள். பாங்கில் "சொல்லுங்க பெரியவரே" என்கிறார்கள். நல்ல பிள்ளைகள். மகளும் போனில் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்கத்தான் செய்கிறாள்...

என்னை 'டா' போட்டுக் கூப்பிடத்தான் ஒருவர்கூட மிச்சமில்லை.