நாய் படுக்கிற உயரம்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் தரையில் குப்புறப் படுக்கிறார். டீச்சர் வீட்டுக் கூடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்துச் சற்று நேரம் அசையாமல் கிடக்கிறார். பிறகு உருண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் அங்கேயும் கன்னத்தை வைத்துப் பார்க்கிறார். அலமாரியின் மேலிருந்து ஒரு கிழட்டுப் பூனை, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் எட்டிப் பார்க்கிறது.

"நாம நிக்கிற உயரத்துல இருக்கிற சூடு வேற, இதுங்க படுக்கிற உயரத்துல இருக்கிற சூடு வேற, டீச்சர். நாம ஃபேனைப் போட்டுட்டு அப்பாடான்னு உட்கார்ந்துடறோம். கீழ தரை அடுப்பு மாதிரி கொதிச்சிக்கிட்டு இருக்கும்" என்கிறார் மேசைக்கு அடியிலிருந்து.

"நீங்க ஒருத்தர் இருக்கிறதாலதான் நான் நிம்மதியா வெளிய போய்ட்டு வரேன், அண்ணே."

எழுந்து வந்தவர், பூனையின் மெத்தையைத் தூக்கிக் குளியலறைக் கதவோரம் போடுகிறார். "இங்கதான் குளிர்ச்சி" என்று மட்டும் சொல்கிறார். டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கொஞ்ச நாளாகவே யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அவருக்கு அந்த இடத்தில் நிற்க முடிவதில்லை.

குடியிருப்பில் அவருக்குப் பெயர் 'கேஸ் கம்மி'. ஏசி மெக்கானிக். எந்த வீட்டு ஏசி மக்கர் செய்தாலும், மூடியைத் திறப்பதற்கு முன்பே "கேஸ் கம்மி" என்று சொல்லிவிடுகிற ஆள் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதையே தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார். தூங்கி வழிகிற பூனைக்குக் கேஸ் கம்மி. மாடி ஏறி மூச்சு வாங்குகிற தபால்காரருக்குக் கேஸ் கம்மி. மைத்துனன் கல்யாணத்தில் மேளக்காரர்கள் சுணங்கியபோது, "யாராவது ஒரு ரவுண்டு கேஸ் அடிச்சு விடுங்கப்பா" என்று இவர் சொன்னதை உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும், சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டு செய்கிற வேலையை மனைவி நிறுத்திவிட்டாள். "நீங்க மேல தொங்க வேணாம், நான் கீழ நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்க வேணாம்." அப்போதுதான் இந்தப் புது வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பகலில் ஆள் இல்லாத வீடுகளில் நாய், பூனை, முயல், கிளி. கோடையில் அவற்றைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவற்றுக்குப் பொழுது போக வேண்டும். "நடக்கக் கூட்டிட்டுப் போக முடியாது, ரோடு தீயா இருக்கு. நாள் பூரா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தா நமக்கே கிறுக்குப் பிடிக்கும், அதுக்குப் பிடிக்காதா?"

அதற்காக அவர் செய்கிற வேலைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தண்ணீரை உறைய வைத்த பாட்டிலுக்குப் பழைய காலுறையை மாட்டி முயல் கூண்டுக்குள் படுக்க வைப்பார். முயல் அதன் மேல் சாய்ந்துகொண்டு, திண்டில் சாய்ந்த ஜமீன்தார் மாதிரி கண்ணை மூடிக்கொள்ளும். கிளிகளுக்குக் கீரைக்கட்டைத் தண்ணீரில் முக்கிக் கூண்டின் உச்சியில் கட்டுவார். அவை சொட்டுக்கு அடியில் நின்று சிறகை உதறி, இறங்கி, மறுபடி ஏறி, ஒரே அமளி. நாய்களுக்கு ஐஸ் கட்டிதான். ஒரு சின்ன வாளியில் தண்ணீரோடு கேரட்டும் தர்பூசணித் துண்டும் ஒரு பந்தும் போட்டு உறைய வைத்து, அப்படியே கவிழ்த்துத் தரையில் வைத்துவிடுவார். நாய் நக்கும், உருட்டும், குரைக்கும், துரத்தும். உள்ளே இருப்பது வெளியே வருவதற்குள் பாதி மதியம் ஓடிவிடும்.

"ஃப்ரீஸரைத் திறந்தா கேரட்டும் பந்தும்தான் இருக்கு" என்பாள் மனைவி. "ஒரு பால் பாக்கெட் வைக்க இடமில்ல. அடுத்த ஜென்மத்துல நான் நாயாப் பொறந்து வந்தா எனக்கும் கொஞ்சம் ஐஸ் கிடைக்கும்."

"இந்த ஜென்மத்துலயும் குரைக்கத்தானே செய்யற" என்பார் அவர். முதுகில் துணி வந்து விழும்.

அந்தப் பேச்செல்லாம் இப்போது நின்றுவிட்டது. ஒரு நாள் அவள் தட்டை வைத்துவிட்டு வாயைக் கிளறிப் பார்த்தாள். "என்ன, உங்களுக்கே கேஸ் கம்மியா?" அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விஷயம் மூன்றாவது மாடி நர்ஸம்மா வீட்டில் நடந்தது. அவள் ஒண்டியாள். துணைக்கு ஒரு நாய், பெயர் உருண்டை. சப்பை மூக்கு, குட்டைக் கால், தூங்கும்போது பெரிய மனிதர் மாதிரி குறட்டை. அவளுடைய அறையில் ஏசி கிடையாது, ஏர் கூலர்தான். ஈரத் தட்டி வழியாகக் காற்றை இழுத்து ஊதுகிற பெட்டி. அதற்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஊதுகிற ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால், கொஞ்ச நேரத்துக்கு ஜில்லென்று இருக்கும், பிறகு அறையே இட்டலிப் பானையாகிவிடும். இதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் குடியிருப்பில் கிடையாது. கூலர் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலும், "ஏசின்னா மூடு, கூலர்னா திற" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னவர் அவர்தான்.

அன்று முற்பகலில் போய்க் கூலருக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு பிடி ஐஸும் போட்டார். உருண்டைக்கு வாளி ஐஸைக் கவிழ்த்து வைத்தார். அது வழுக்கி வழுக்கி ஓட, நாய் பின்னாலேயே வழுக்கியது. சிரித்துக்கொண்டே கிளம்புகையில் ஜன்னல் பக்கமிருந்து அனல் முகத்தில் அடித்தது. அவர் கை போய் ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலை ஓரத்தை மடித்து இடுக்கில் செருகியது. யோசித்துச் செய்யவில்லை. கிளம்பும்போது ஏசி ஓடுகிற அறையின் ஜன்னலைச் சாத்துவது அந்தக் கைக்கு வாழ்நாள் பழக்கம்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்தாள். இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த தூக்கக் கலக்கம். அறை ஐஸ் புண்ணியத்தில் ஜில்லென்றுதான் இருந்தது. நாய்க்குச் சாப்பாடு வைத்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பினாள். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது அறை ஆவியடித்துக் கிடந்தது. உருண்டை கட்டிலுக்கு அடியில் நாக்கு நீலம் பாரித்து விழுந்து கிடந்தது.

அவள் அலறலைக் கேட்டு வந்த அவர்தான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார், அவளும் பின்னாலேயே. மருத்துவர் டிரிப் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதும்மா. மூச்சு விட்டுத்தான் சூட்டை வெளிய தள்ளணும். அதுலயும் இதுக்கு மூக்கே கிடையாது. காத்து பூரா ஈரமா இருந்தா எங்க தள்ளும்? கூலரைப் போட்டுட்டு யாரு ஜன்னலைச் சாத்தினது?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டர். கடைசியா வந்துட்டுப் போனது நான்தான். எதைத் திறந்தேன், எதை மூடினேன்னுகூட ஞாபகம் இல்ல." பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்க இருந்தப்போ திறந்துதானே இருந்துச்சு, அண்ணே?"

"ம்" என்றார் அவர்.

பொய்யில்லை. அவர் உள்ளே நுழைந்தபோது திறந்துதான் இருந்தது.

நாய் பிழைத்தது. பின்னங்கால்கள் மட்டும் இன்னும் சரியாக ஊன்றவில்லை. அவர் பரிகாரம் செய்கிறவர் மாதிரி வேளை தவறாமல் போகிறார். ஐஸுக்குள் கோழித்துண்டு, ஐஸுக்குள் ஆப்பிள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள், "அன்னிக்கு நீங்க மட்டும் தூக்கிட்டு ஓடலைன்னா…" என்று ஆரம்பித்தால், சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவுகிறார். உருண்டை அவரைப் பார்த்ததும் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து கையை நக்குகிறது. அந்தக் கையை அவர் பின்னால் மறைத்துக்கொள்கிறார். நாய்க்கு அதுவும் ஒரு விளையாட்டு. சுற்றிக்கொண்டு பின்னால் வருகிறது.

சொல்லிவிடத்தான் நினைத்தார். முதல் நாள், அவளே அழுதுகொண்டிருக்கிறாள், இப்போது வேண்டாம் என்று விட்டார். மறுநாள், கொஞ்சம் தேறட்டும் என்று விட்டார். அதற்குப் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அவள் தேறவில்லை. வார்டில் ஊசி போடுவதற்கு முன் மருந்துப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாளாம். "ஒரு நாயைப் பார்த்துக்கத் துப்பில்ல, என்னை நம்பி மனுஷங்களை விட்டிருக்காங்களே, அண்ணே" என்று அவரிடமே சொன்னாள். அவர் குனிந்து கூலர் தட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் ஒரு நாள் அவளுடைய அக்கா வந்திருந்தாள். நாயை ஊருக்குக் கொண்டுபோகக் கூடையோடு வந்திருந்தாள். கெட்டவள் இல்லை, கொஞ்சம் வாய் அதிகம்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? செடி வளர்க்கத் தெரியாது, நாய் வளர்க்க வந்துட்ட." வாசலில் வந்து நின்ற அவரைப் பார்த்து, "சின்ன வயசுலயே இவ இப்படித்தாங்க, பால் அடுப்புல இருக்கும், இவ ஜன்னல்கிட்ட நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டு இருப்பா."

"சரிக்கா. எடுத்துட்டுப் போ. என்கிட்ட இருந்தா இன்னொரு தடவை கொன்னே போட்டுடுவேன்" என்றாள் நர்ஸம்மா. அழவில்லை. நாயின் போர்வை, சாப்பாட்டுக் கிண்ணம், கிழிந்த துணிப் பந்து எல்லாவற்றையும் நோயாளி வீடு திரும்பும்போது பை கட்டுகிற மாதிரி வரிசையாக அடுக்கினாள். உருண்டை கூடைக்குள் உட்கார்ந்து, எங்கேயோ உல்லாசப் பயணம் என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் வாசலில் ஐஸ் வாளியோடு நின்றிருந்தார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாங்கண்ணே" என்றாள் அவள். "இனிமே உங்களுக்கு இந்த அலைச்சல் இல்ல. நீங்க பண்ணதுக்கெல்லாம் நான்…"

"தங்கச்சி" என்றார். செருமிக்கொண்டார். "தங்கச்சி, கொஞ்சம் இரும்மா."

வாளியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அவர் நேராக ஜன்னலுக்குப் போனார். முதலில் ஒரு கதவை இழுத்தார், பிறகு மறு கதவை. தாழ்ப்பாளை உள்ளங்கை விளிம்பால் ஒரு தட்டு தட்டிப் போட்டார். அதோடு நிற்கவில்லை. திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து நான்காக மடித்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அந்த மடிப்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்தி அழுத்திச் செருகினார். குளிர் துளிகூடக் கசியாமல் இருக்க ஏசிக்காரர்கள் செய்கிற வேலை அது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் அப்படிச் செய்யத் தெரியாது. உருண்டை விழுந்து கிடந்த சாயங்காலம் மூச்சு முட்ட ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தபோது, இதே மாதிரி மடிப்பை இடுக்கிலிருந்து பிடுங்கி எடுத்தவள் நர்ஸம்மா.

"என்னங்க பண்றீங்க, கூலர் ஓடுதே!" என்றாள் அக்கா.

நர்ஸம்மா கையில் பிடித்திருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே" என்றாள் கடைசியில், மிகவும் மெதுவாக.

அவர் திரும்பவில்லை. செருகிய மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்தபடி, மூடிய ஜன்னலைப் பார்த்தே நின்றார்.